நாலு வருஷம் உழைத்த 18 வோல்ட் பேட்டரி

தாராவி 90 அடி சாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். மும்பை முழுக்க மாடுலர் கிச்சன் மாட்டுவதுதான் தொழில். நாலு வருஷத்துக்கு முன் வாங்கிய ட்ரில்லுடன் இரண்டு பேட்டரி வந்தன. ஒன்று இன்னும் உழைக்கிறது. இன்னொன்றை என் கவனக்குறைவால் இழந்தேன்.

கான்கிரீட்டில் விடாமல் துளை போட்டால் பேட்டரி நன்றாகச் சூடேறிவிடும். அதே சூட்டோடு, தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்து சார்ஜ் போடுவேன். ஏறாது, லைட் மின்னும். சார்ஜர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பேட்டரி ஆறட்டும் என்று அது காத்திருந்திருக்கிறது. பெரும்பாலான பேட்டரிகளுக்கு 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. இப்போதெல்லாம் அரை மணி நேரம் தரையில் ஆறவிட்டுத்தான் மாட்டுகிறேன்.

போன வருஷம் வைகாசியில் ஊருக்குப் போனவன் ஆடி மழையில் திரும்பினேன். இரண்டு பேட்டரிக்கும் சிவப்பு லைட். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பாதி சார்ஜோடு வைத்துவிட்டுப் போனது 18.3 வோல்ட் காட்டியது. அதன் முனைத் தகட்டில் பச்சையாகக் களிம்பு, அவ்வளவுதான். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போட்டதும் ஏறியது.

மற்றது, கடைசி வேலையில் சுத்தமாகத் தீர்ந்து அப்படியே கிடந்தது. 8.7 வோல்ட். உள்ளே ஐந்து செல், ஒன்றுக்கு 2 வோல்ட் கூட இல்லை.

"அண்ணே, நல்ல பேட்டரியிலிருந்து ரெண்டு ஒயர் இழுத்துத் தட்டி எழுப்பிடலாம்ணே" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. வேண்டவே வேண்டாம் என்றேன். அந்த அளவு இறங்கிய லித்தியம் செல்லுக்குள் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கலாம். திரும்ப சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு உள்ளேயே படிந்து ஷார்ட் ஆகலாம். பிறகு எப்போது தீப்பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. சார்ஜர் மறுப்பதே நம்மைக் காப்பாற்றத்தான். எங்கள் சந்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ராத்திரி பிள்ளைகள் தூங்குகிற இடத்தில் அந்த விஷப் பரீட்சை எதற்கு? உப்பிய பேட்டரியும், இனிப்பு வாடை அடிக்கிற பேட்டரியும் இதே கணக்குதான்.

செத்த பேட்டரியின் முனைகளில் டேப் சுற்றி, சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டேன். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. குப்பையில் போடாதீர்கள், அள்ளுகிறவர் கையில் வெடிக்கலாம்.

மிஞ்சியது இன்றும் ஒரு சார்ஜில் கீழ் கேபினெட் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. மேல் கேபினெட்டுக்குத்தான் நடுவில் இன்னொரு சார்ஜ் கேட்கிறது.