புதிதாக ஸ்கூபா சான்றிதழ் பெற்றவர்களுக்கு: புதுச்சேரியில் 'ரீஃப் டைவ்' என்று விற்கப்படும் பயணம் குறித்து ஓர் எச்சரிக்கை

ஸ்கூபாவின் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழைக் கையில் வாங்கிவிட்டு, முதல் பயணத்தை எந்தக் கடற்கரைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த பொங்கல் விடுமுறையில், கடலூரைச் சேர்ந்த நானும் என் தங்கையும் புதுச்சேரியில் ஒரு பயண முகவரிடம் பணம் கட்டி ஏமாற்றப்பட்டோம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்திருப்பதால் அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நாங்கள் இருவரும் பயிற்சி பெற்றதும் புதுச்சேரியில்தான். அந்தப் பயிற்சி நிலையத்தின் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஒழுங்காக நடத்துபவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதையும், இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தமாகப் படகோ பயிற்றுநரோ இல்லாமல், படங்களை மட்டும் காட்டி முன்பணம் வாங்கும் இடைத்தரகர்களைப் பற்றியது இது.

எங்கள் முன்னால் மூன்று இடங்கள் இருந்தன. முதலாவது அந்தமான். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக் தீவுக்குப் போகவேண்டும். தெளிந்த நீரும், ஆழம் குறைந்த பவளப்பாறைகளும் கிடைக்கும் என்றாலும் இருவருக்கும் சேர்த்துச் செலவு கூடுதல். இரண்டாவது கர்நாடகத்தின் முருடேஸ்வரம். அங்கிருந்து படகில் நேத்ராணித் தீவுக்கு அழைத்துப் போகிறார்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அது மூடிவிடும், தை மாதத்தில் திறந்திருக்கும், ஆனால் கடலூரிலிருந்து மேற்குக் கடற்கரைவரை நீண்ட பயணம் செய்யவேண்டும். மூன்றாவது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரிக் கடல். முகவர் பேசியதெல்லாம் இந்த மூன்றாவதை வைத்துத்தான். "அந்தமானில் பார்க்கும் அதே தண்ணீரைப் பாதிச் செலவில் இங்கேயே காட்டுகிறேன் சார், பொங்கல்தான் சரியான சீசன்" என்றார். சான்றிதழ் பெற்றவர்களுக்கென்று தனிப் படகு, இருவருக்கு ஒரு வழிகாட்டி, செயற்கைப் பவளத்திட்டில் இரண்டு டைவ், 15 மீட்டருக்குக் குறையாத பார்வைத் தெளிவு என்று வாட்ஸ்அப்பில் எழுத்திலும் அனுப்பினார்.

அவர் அனுப்பிய படங்களில், இடுப்பளவு ஆழத்திலேயே வெயில் பட்டு ஒளிரும் மேசைப் பவளங்கள் இருந்தன. புதுச்சேரியில் கரையிலிருந்து இறங்கி நடந்தால் எட்டும் தூரத்தில் அப்படி எதுவும் கிடையாது. இங்கே டைவ் செய்யும் இடங்களுக்குப் படகில் சில கிலோமீட்டர் போகவேண்டும்; செயற்கையாக அமைக்கப்பட்ட திட்டு ஏறக்குறைய 18 மீட்டர் ஆழத்தில் மணல் தரையின் மீது இருக்கிறது. மீன் கூட்டமும் திருக்கையும் பார்க்க அது அருமையான இடம்தான், ஆனால் அது வேறு வகைக் கடல். சீசன் பற்றி அவர் சொன்னதும் உண்மையன்று. வடகிழக்குப் பருவமழையின்போது தென்பெண்ணையும் கெடிலமும் சங்கராபரணியும் கொண்டுவரும் வண்டல் முழுவதும் இந்தக் கரையோரத்தில்தான் சேர்கிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததும், அதையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளம் தென்பெண்ணை வழியாகக் கடலூரைச் சூழ்ந்ததும் எங்கள் பகுதியில் யாருக்கும் மறந்திருக்காது. அத்தனை சேறும் போய்ச் சேர்ந்த இடம் இந்தக் கடல். புயல் இல்லாத ஆண்டிலும் மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று தரையைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை தெற்கு நோக்கி ஓடும் கரையோர நீரோட்டம், பிப்ரவரியை ஒட்டித்தான் வடக்கு நோக்கித் திரும்புகிறது. தேவனாம்பட்டினத்தில் எங்களுக்குத் தெரிந்த மீனவர் ஒருவர், "தை பொறந்தாலும் கலங்கல் உடனே போவாது தம்பி, வாடை ஓயணும்" என்றார். முகவரிடம் அதைச் சொன்னபோது, ஆழத்தில் கலங்கல் இருக்காது என்று உறுதி கொடுத்தார். அந்த உறுதிமொழியும் வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

குறித்த நாளில் தேங்காய்த்திட்டுப் பக்கம் வரச்சொன்னார்கள். 'தனிப் படகு' என்பது ஒரு ஃபைபர் படகு. அதில் எங்களுக்கு முன்பே ஒரு சுற்றுலாக் குழு ஏறியிருந்தது. அவர்களில் ஒருவருக்கும் சான்றிதழ் இல்லை, பலருக்கு நீச்சலே தெரியாது. அவர்கள் வந்தது 'டிரை டைவ்' எனப்படும் அறிமுக முக்குளிப்புக்கு. பயிற்றுநர் ஒருவர் பக்கத்திலேயே இருந்து, அதிகபட்சம் 12 மீட்டருக்குள் அழைத்துப்போகவேண்டிய பயணம் அது. அந்தக் குழு முழுவதற்கும் எங்களுக்கும் சேர்த்து இரண்டே ஊழியர்கள். பயிற்றுநர் எண் என்ன என்று தங்கை கேட்டாள். ஒருவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார், மற்றவர் "பத்து வருச அனுபவம் மேடம்" என்றார். ஸ்கூபா பயிற்சிக்குச் சான்றிதழ் வழங்கும் பாடி (PADI) அமைப்பு, ஒரு பயிற்றுநரின் எண்ணை அதன் இணையதளத்தில் சரிபார்க்க வழி வைத்திருக்கிறது. எண்ணைச் சொல்லாதவரிடம் அந்த வழியால் எந்தப் பயனும் இல்லை.

உடல்நலப் படிவம் கொடுத்தார்கள். ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, இதய நோய் போன்ற கேள்விகளுக்கு நேர்மையாக விடையளித்து, ஒன்றுக்கு 'ஆம்' என்று வந்தாலும் மருத்துவரின் ஒப்புதல் பெறவேண்டும் என்பதற்காகவே அந்தப் படிவம் இருக்கிறது. இங்கே ஊழியர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தாமே குறித்துவைத்த தாள்களைக் கட்டாக நீட்டி, கையெழுத்து மட்டும் போடச் சொன்னார். எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல என்ற வரி கீழே இருந்தது. எங்கள் சான்றிதழ் அட்டையையோ, செய்த டைவ்களைக் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தையோ யாரும் கேட்கவில்லை. சான்றிதழ் பெற்றவர்களுக்கான பயணம் என்று விற்றுவிட்டு, சான்றிதழைப் பார்க்கவே பார்க்காத இடத்தில், உங்களோடு இறங்கப்போகும் மற்றவர்களின் தகுதியையும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். எனக்குக் கொடுத்த சிலிண்டரில் அழுத்தமானி 140 பார் காட்டியது. நிறைந்த சிலிண்டர் 200 பார் அளவில் இருக்கவேண்டும். "அதுவே தாராளம்" என்றார் ஊழியர். தாராளமா என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கணக்கையே போட்டுப் பார்க்கலாம். புதியவர் ஒருவர் கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை இழுக்கிறார் என்று வையுங்கள். 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2.8 மடங்கு என்பதால் அதே மூச்சுக்கு 56 லிட்டர் செலவாகும். 11 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 50 பாரை இருப்பாக ஒதுக்கிவிட்டால், 200 பாரில் 1,650 லிட்டர் கிடைக்கும், அதாவது ஏறக்குறைய 29 நிமிடம். 140 பாரில் கிடைப்பது 990 லிட்டர், 18 நிமிடம்கூட வராது. இறங்கும் நேரமும், ஏறும் நேரமும், 5 மீட்டரில் நிற்கவேண்டிய 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தமும் அதற்குள்ளேயே அடக்கம். பதற்றத்தில் மூச்சு வேகமெடுத்தால் இந்தக் கணக்கும் நிற்காது. வேறு சிலிண்டர் கேட்டு வாங்கினேன். அதன் கழுத்தில் சோதனை தேதி இருக்கவேண்டிய இடம் துருவேறிப் படிக்க முடியாமல் இருந்தது.

தங்கைக்குக் கொடுத்த மிதவைச் சட்டையில் காற்று நிற்கவில்லை. ஊதுவதும் அது தானே வடிவதுமாக இருந்ததை அவள் படகிலேயே கண்டுபிடித்து மாற்றச் செய்தாள். ஆளுக்கு எவ்வளவு ஈய எடை வேண்டும் என்று யாரும் நீரில் இறக்கிப் பார்க்கவில்லை; எல்லாருக்கும் ஒரே பட்டையைக் கட்டினார்கள். அவசர ஆக்சிஜன் எங்கே என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாவதால் உண்டாகும் அழுத்தநீக்க நோய் வந்தால் கரை சேரும்வரை கொடுக்கவேண்டிய முதலுதவி தூய ஆக்சிஜன்தான்; அது இல்லாத படகில் டைவ் பயணமே வைக்கக்கூடாது. இறங்குவதற்கு முன் கூறவேண்டிய விளக்கமும் இல்லை. எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், நீரோட்டம் எந்தப் பக்கம், கூட இறங்கிய துணைவர் கண்ணில் படாமல் போனால் என்ன செய்வது என்பதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லப்படவில்லை.

படகு திட்டுக்கே போகவில்லை. கரை தெளிவாகத் தெரியும் தூரத்திலேயே நங்கூரம் போட்டார்கள், ஏனென்றால் அறிமுக முக்குளிப்புக்கு அந்த ஆழம் போதும். நீட்டிய கையின் விரல்கள் மங்கலாகத் தெரிந்த நீரில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே நாங்கள் இருவரும் இறங்கினோம். 'இருவருக்கு ஒரு வழிகாட்டி' என்று சொல்லப்பட்டவர் ஒரு சுற்றுலாப் பயணியின் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். அவரைக் காணாததால், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே வந்துவிட்டோம். தங்கை சொந்தமாக வாங்கி வைத்திருந்த டைவ் கம்ப்யூட்டர் அன்றைய அதிகபட்ச ஆழத்தை 8 மீட்டர் என்று பதிந்திருக்கிறது. பிறகு எங்கள் புகாரில் மிகவும் உதவிய சான்று அந்தப் பதிவுதான். வாங்க வசதியுள்ளவர்கள் மற்றக் கருவிகளுக்கு முன்னால் அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டாவது டைவ் நடக்கவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கடல் நிலைமை தன் கையில் இல்லை என்றார் முகவர். கடல் யார் கையிலும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அலை உயரத்தையும் நீரோட்டத்தையும் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே வெளியிடுகிறது, அதைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிவைப்பது அவர் கையில்தான் இருந்தது. குறைந்த சிலிண்டரும் கசியும் சட்டையும் கடலின் குற்றமல்ல. அடுத்து அவர் முன்வைத்த சமாதானம் இன்னும் மோசம்: மாசியில் கடல் தெளிந்ததும் வந்தால், கொஞ்சம் கூடுதல் பணத்துக்கு 30 மீட்டருக்கும் கீழே இருக்கும் பாறைச் சுவருக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். ஓப்பன் வாட்டர் சான்றிதழின் எல்லை 18 மீட்டர். 30 மீட்டருக்கே அடுத்த நிலைப் பயிற்சி வேண்டும். புதியவர்களை அங்கே கூப்பிடுபவர் அறியாமல் கூப்பிட்டாலும் அறிந்து கூப்பிட்டாலும் ஆபத்து ஒன்றுதான்.

நாங்கள் மறுத்ததும், கட்டிய பணத்தை அந்தமான் பயணத்தில் கழித்துக்கொள்கிறேன் என்று ஒரு திட்டத்தை அனுப்பினார். உண்மையில் அவர் விற்க நினைத்தது ஆரம்பம் முதலே இதுதானோ என்று எங்களுக்கு இப்போது தோன்றுகிறது. அந்தத் திட்டத்தில் கடைசி நாள் காலையில் ஹேவ்லாக்கில் இரண்டு டைவ், அன்று மாலையே போர்ட் பிளேரிலிருந்து விமானம். ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் செய்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரமாவது காத்திருக்கவேண்டும் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் தரும் வழிகாட்டுதல். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுவதற்குள் விமான அறையின் குறைந்த அழுத்தத்துக்குப் போனால், அது குமிழிகளாக மாறும் ஆபத்து இருக்கிறது. எந்த முகவரின் பயணத்திட்டத்தையும் சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் ஓர் இரவும் கணிசமான பகலும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அதைத் தயாரித்தவருக்கு ஸ்கூபா தெரியாது.

ரசீதைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்களுக்குக் கொடுத்த தாளில் 'கடல் சவாரி, இருவர்' என்றுதான் இருந்தது. பணமும் நிறுவனக் கணக்குக்குப் போகாமல் ஒரு தனிநபரின் கைப்பேசி எண்ணுக்குப் போயிருந்தது. புகார் அளித்தபோது, நாங்கள் வாங்கியது படகுச் சவாரி, அதைக் கொடுத்தாகிவிட்டது என்பதே அவர் பதில். வாட்ஸ்அப் செய்திகளும் கம்ப்யூட்டர் பதிவும் இல்லாதிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆகவே பணம் கட்டும் முன், ரசீதில் 'ஸ்கூபா டைவ்' என்ற சொல், எண்ணிக்கை, இடத்தின் பெயர், அதிகபட்ச ஆழம், கடல் ஒத்துழைக்காவிட்டால் பணம் என்னாகும் என்பது எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும் என்று கேளுங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். முகவர் அசையவில்லை என்றதும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவையைப் புதுச்சேரியில் பெற்றிருந்தாலும் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம் என்பதால் கடலூரிலேயே அளித்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. கையெழுத்து வாங்கிய 'பொறுப்பல்ல' படிவத்தைப் பார்த்துப் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். கவனக்குறைவான சேவையைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையை அந்தத் தாள் பறித்துவிடாது.

இப்போது முருடேஸ்வரத்தில் ஒரு நிலையத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். அவர்கள் விலையைச் சொல்வதற்கு முன்பே எங்கள் சான்றிதழ் எண்ணையும், கடைசியாக எப்போது டைவ் செய்தோம் என்பதையும் கேட்டார்கள். இடைவெளி விழுந்திருப்பதால் முதலில் ஆழம் குறைந்த இடத்தில் ஒரு மீள்பயிற்சி என்றும், கடல் மோசமானால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்றும் எழுதியிருக்கிறார்கள். செலவு கூடத்தான் செய்கிறது. பொங்கல் வாரத்தில் இதே போல் 'கடல் சவாரி' ரசீதோடு திரும்பியவர்கள் வேறு யாராவது இருந்தால், செய்திகளை அழித்துவிடாதீர்கள். நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே நீங்களும் புகார் அளிக்கலாம்.