குறட்டைக்கு மூக்குப் பட்டையும் உப்புநீரும்: என் இரண்டாண்டு அனுபவம்

சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் படுக்கையறைகள் இரண்டுதான், ஒன்று பிள்ளைகளுக்கு. விடியற்காலை 5 மணிக்கே தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய என் மனைவி, என் குறட்டை தாங்காமல் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கத் தொடங்கிய பிறகுதான் நான் மருந்தகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த மருந்தாளர் எதையும் எடுத்துக் காட்டுவதற்கு முன், மூக்கை ஒட்டிய கன்னத்தை விரலால் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு மூச்சை உள்ளிழுக்கச் சொன்னார். எனக்கு மூச்சு உடனே இலகுவானது. அப்படியானால் அடைப்பு மூக்குத் துவாரத்தின் அருகில் இருக்கிறது, மூக்கின் மேல் குறுக்காக ஒட்டும் பட்டை உதவும். மாற்றம் தெரியாதவர்களுக்குக் குறட்டை அண்ணத்திலிருந்தோ நாவின் அடியிலிருந்தோ வரக்கூடும், அவர்களுக்குப் பட்டையால் பெரிய பயன் இராது என்று விளக்கினார். இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்காமல் யாரும் பணம் செலவழிக்க வேண்டாம்.

பட்டையில் மருந்து எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் மெல்லிய நெகிழிக் கீற்றுகள் வளைத்து ஒட்டியபின் நிமிர முயல்வதால், மூக்கின் இரு பக்கங்களும் சற்றே விரிகின்றன. நம் ஊர்ப் புழுக்கத்தில் முதல் வாரம் முழுவதும் அது நள்ளிரவிலேயே கழன்று தலையணையில் கிடந்தது. மூக்கைச் சவர்க்காரத்தால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒட்டியபின் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் விடியும்வரை நிற்கிறது. காலையில் வெந்நீரால் நனைத்துத்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் ஒருநாள் பிய்த்து எடுத்ததில் தோல் உரிந்து, மூன்று நாள் எரிந்தது.

உண்மையில் பட்டையைவிட எனக்கு அதிகம் உதவியது உப்புநீர்தான். தூசி ஒவ்வாமை உள்ள எனக்குப் புகைமூட்ட நாட்களில் மூக்கு முற்றாக அடைத்துக்கொள்ளும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் உப்புப் பொட்டலத்தைக் கரைத்து, படுக்கும் முன் மூக்கைக் கழுவி வருகிறேன். குழாய் நீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அடைப்பு நீக்கும் மருந்துத் தெளிப்பானைத் தொடர்ந்து 3 நாட்களுக்கு மேல் அடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை மீறி ஒரு வாரம் அடித்தபோது, முன்பைவிட மோசமாக அடைத்துக்கொண்டது.

குறட்டையைக் குறைக்க இரவில் வாயில் மாட்டிக்கொள்ளும், வெந்நீரில் இளக்கிக் கடித்து வடிவமைக்கும் பல்லுறையால் தாடை வலித்ததால் இரண்டே வாரத்தில் விட்டுவிட்டேன். மாறாக, பழைய சட்டையின் முதுகில் மனைவி ஒரு பை தைத்து, அதில் டென்னிஸ் பந்தை வைத்துக் கொடுத்தார், மல்லாந்தால் உறுத்தும். இரண்டு மாதத்தில் ஒருக்களித்துப் படுப்பதே பழக்கமாகிவிட்டது.

சென்ற தீபாவளிக்கு வந்திருந்த என் மைத்துனர், "மச்சான், எனக்கும் ஒரு பட்டை கொடுங்கள்" என்று கேட்டார். ஆனால் முதல்நாள் இரவு அவருடைய குறட்டை திடீரென்று நின்று, நெஞ்சு மட்டும் ஏறி இறங்க, நான் பத்துக்கு மேல் எண்ணிய பிறகே திணறலோடு மூச்சு திரும்பியதைக் கேட்டிருந்தேன். பகலிலும் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார். இது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம், பட்டை சத்தத்தைக் குறைத்தாலும் நோயைத் தீர்க்காது என்று சொல்லி, விடுமுறை முடிந்ததும் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, தூக்கப் பரிசோதனைக்குக் கடிதம் வாங்கிக் கொடுத்தேன்.