அவென்யூ சாலையில் ஒரு பைண்டிங் கடை

பழைய கையெழுத்துப் பிரதி, அப்பாவின் டைரி, தாத்தாவின் கணக்கு நோட்டு என்று எதையாவது பத்திரப்படுத்த நினைக்கும் பெங்களூர்வாசிகளுக்கு ஓர் இடம் சொல்கிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மைசூர் பேங்க் சர்க்கிளிலிருந்து அவென்யூ சாலையில் நுழைந்து, கல்யாணப் பத்திரிகைக் கடைகளைத் தாண்டி, ஒரு சந்துக்குள் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. சிக்பேட்டை மெட்ரோவிலிருந்து நடந்துவிடலாம். ஆட்டோவை நம்ப வேண்டாம். அந்த நெரிசலுக்குள் வர எவரும் ஒப்புக்கொள்வதில்லை.

நான் கொண்டுபோனது சென்ற மார்கழியில் காலமான என் நண்பர் வைத்திருந்த தாள்கள். எங்கள் வட்டத்தில் அவர் எச்.எம்.டி. அண்ணன். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதை மூடுவதற்கு 2016-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த வாரத்தில்கூட, தமிழ்ச் சங்க நூலக வாசலில் நின்றுகொண்டு என் கதை ஒன்றின் முடிவைப் பற்றித்தான் பேசினார். நான் எழுதியதையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து அவரிடம் கொடுத்துவிடுவேன். கருத்தை வாயால் சொல்வார். தாளைத் திருப்பித் தர மாட்டார். காரியம் முடிந்த பிறகு அண்ணி ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினார். எல்லாத் தாள்களும் அதில் இருந்தன, ஓரமெங்கும் சிவப்புப் பேனாவில் அவருடைய பொடி எழுத்தோடு.

2005-ல் நடக்கும் கதை ஒன்றில் என் நாயகன் அல்சூர் ஏரிப் பக்கம் வள்ளுவர் சிலையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஓரத்தில்: “2009 ஆகஸ்ட் வரை சிலை மூடிக் கிடந்தது. இவன் எதைப் பார்க்கிறான்?” இன்னொன்றில் நாலாம் பக்கத்திலிருந்து வரிசையாக, “இவள் இன்னும் சாப்பிடவில்லை”, “இன்னும் சாப்பிடவில்லை”, “பாவம், ஒரு காபியாவது கொடு.” கதாபாத்திரங்களைப் பட்டினி போடுகிறவனை அவர் எழுத்தாளன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

வீட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல்தான் போடுவார்கள். துளை போடும்போதே இடது ஓரத்தில் பாதி எழுத்து போய்விடும். வழக்கமான பைண்டிங் என்றால் மூன்று பக்கமும் கட்டிங் மிஷினில் கொடுத்துச் சீராக்குவார்கள். மீதி எழுத்தும் போய்விடும். அவென்யூ சாலை பாய் (ஆம்பூர்க்காரர், தமிழ் நன்றாகப் படிப்பார்) கட்டைப் பிரித்து இரண்டு தாள்களைப் புரட்டிவிட்டு, “சார், உங்களுக்கு வேண்டியது நடுவில் இல்லை போலிருக்கிறதே, எல்லாம் ஓரத்தில்தானே இருக்கிறது?” என்றார். நான் சொல்லவே இல்லை. அப்போதே முன்பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அவர் செய்தது இதுதான். ஒவ்வொரு தாளின் இடது விளிம்பிலும், எழுத்தின்மேல் படாமல், விரல் அகலத்துக்கு ஒரு காகிதப் பட்டியை ஒட்டினார். ஊசி அந்தப் பட்டியில்தான் இறங்கியது, தாளில் இல்லை. பசை மைதாவைக் காய்ச்சியது. பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் கலந்திருக்கிறார். மற்ற மூன்று விளிம்புகளையும் தொடவே இல்லை. மேலே கெட்டி அட்டை, கருநீலக் காலிகோ துணி. புத்தகம் முழுசாக விரிந்து மேசையில் படுக்கிறது. முதுகில் விரிசல் இல்லை. ஏ4, ஃபுல்ஸ்கேப் என்று அளவுகள் கலந்திருப்பதால் பக்கவாட்டில் பார்த்தால் ஏறுமாறாகத்தான் தெரியும். அழகு முக்கியம் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

வெட்டியிருந்தால் என்ன போயிருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அம்மாவைப் பற்றிய கதையை அண்ணன் என்னிடம் வாயால் விமர்சித்தது “பரவாயில்லை” என்ற ஒரே சொல்லில். கடைசிப் பக்கத்தின் அடிவிளிம்பில், நகக்கண் அளவு இடத்தில், “நன்றாக வந்திருக்கிறது. சொன்னால் கெட்டுப்போவான்” என்று எழுதி வைத்திருக்கிறார். கடையிலேயே அதைப் படித்துவிட்டு, பாய்க்குத் தெரியாமலிருக்கத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன். சொல்லியிருக்கலாம் அண்ணே. கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

குறைகள் உண்டு. சொன்ன தேதிக்கு வேலை முடியாது. கேட்டால் பள்ளிக்கூட ஆர்டர் என்பார். முதுகில் பொன்னெழுத்து அடிக்க அவரிடம் கன்னட, ஆங்கில அச்சுகள்தான் இருக்கின்றன, தமிழ் இல்லை. என் தொகுதியின் முதுகை வெறுமையாகவே விட்டுவிட்டேன். ஒரு தொகுதிக்கு 650 ரூபாய். பட்டி ஒட்டுகிற வேலையைப் பார்த்தவர்கள் பேரம் பேச மாட்டார்கள். ஐந்துக்கு நான்கு தருவேன், அதுவும் தாமதத்தால்தான் குறைகிறது.

அடுத்து அண்ணனுடைய சொந்தக் கதைகள் போகின்றன, பிரசுரமாகாதவையே அதிகம். அதற்குச் சிவப்புத் துணிதான் போட வேண்டும் என்கிறார் அண்ணி. சிவப்பு சீக்கிரம் வெளுத்துவிடும் என்று பாய் எச்சரித்தார்; வெளுக்கட்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். துணி வந்ததும் போன் செய்வதாகப் பாய் சொல்லியிருக்கிறார். செய்ய மாட்டார். நாம்தான் செய்ய வேண்டும், காலை பதினொன்றுக்கு மேல்.