முதல்வர் காப்பீட்டு அட்டை: எதுவரை தாங்கும், எங்கே கைவிடும்?

பைபாஸ், டயாலிசிஸ் என்று பெரிய செலவு வந்தால் முதலில் எடுக்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. அறக்கட்டளை வாசல் அதற்குப் பிறகுதான். 2009-இல் கலைஞர் பெயரில் தொடங்கியது, 2012-இல் இந்தப் பெயருக்கு வந்தது. ஆட்சி மாறியதும் பழைய திட்டம் நின்றது, அதன் இடத்தில் இது வந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பு இல்லை.

விஏஓ வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றோடு கலெக்டர் ஆபீஸ் கவுண்டருக்குப் போனால் பதிந்துகொள்ளலாம். ரேஷன் கார்டில் பெயர் ஏறாத மருமகளுக்கும் குழந்தைக்கும் காப்பீடு இல்லை. நோய் வந்தபின் பெயர் சேர்க்க அலைபவர்கள்தான் அதிகம்.

தனியார் மருத்துவமனை காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. இதயப் பிரிவுக்கு அனுமதி இருக்கும், சிறுநீரகத்துக்கு இருக்காது. அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிடுங்கள். ரிப்போர்ட்டை அனுப்பி முன் அனுமதி வாங்கிய பிறகே கட்டணமில்லாச் சிகிச்சை. கையிலிருந்து கட்டிவிட்டு டிஸ்சார்ஜ் அன்று அட்டையை நீட்டினால் பணம் திரும்பாது.

அறுவை சிகிச்சைக்கு அட்டை பெரும்பகுதியைத் தரலாம். மாதாந்திர மாத்திரைக்குப் பூஜ்யம். பிரஷர், சுகர் மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையமும், 2021-இல் வந்த, வீட்டுக்கே மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவமும் இருக்கின்றன. துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, தங்கும் செலவு, வேலைக்குப் போகாமல் இழந்த கூலி ஆகியவற்றை எந்த அட்டையும் தராது. தர்மம் அங்கேதான் வேண்டும்.

எல்லாவற்றையும் தர்மமே பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். குழந்தையின் இதய ஆபரேஷனுக்குப் போட்டோ போட்டால் பணம் குவியும். சர்க்கரையால் கால் அழுகிய கிழவருக்கு யாரும் போட்டோ எடுப்பதில்லை. 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அங்கே இலவச நோயாளியைத் தாங்குவது கட்டண நோயாளியின் பணம். தொண்டு மருத்துவமனைகள் செய்யும் இலவசக் கண்புரை அறுவைக்கும் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் அரசு மானியம் உண்டு.

அறக்கட்டளைக்குப் போகும்போது மருத்துவமனை எஸ்டிமேட், டாக்டர் கடிதம், காப்பீட்டில் அனுமதித்த தொகை மூன்றையும் கொண்டுபோங்கள். மீதி எவ்வளவு என்று தெரிந்தால் சீக்கிரம் முடிவெடுப்பார்கள். செக் பெரும்பாலும் மருத்துவமனை பெயரில்தான் வரும், டிஸ்சார்ஜுக்குப் பின் கேட்டால் தரமாட்டார்கள். அட்டை இருந்தும் மருத்துவமனை பணம் கேட்டால் 1800 425 3993-இல் புகார் சொல்லலாம்.