தமிழக அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவு இணையதளம்: பாக்கி விழும்போதுதான் அருமை தெரியும்

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழகத்தின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் அமலுக்கு வந்தபோது கூடவே வந்த சேவை இது. ஒப்பந்தத்தை ஏற்றினால் பதிவு எண் கிடைக்கும். பார்க்கச் சாதாரணம்தான், ஆனால் வாடகை நின்ற பிறகு அந்த எண்தான் வீட்டுக்காரரின் பிடிமானம். "பதினோரு மாத அக்ரிமென்ட்தானே, பதிவு எதற்கு?" என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, இது வேறு. பலரும் சறுக்குவது இதில்தான்.

இரண்டு மாத வாடகை நின்றால், பிரிவு 21-இன்படி முதலில் எழுத்துமூல நோட்டீஸ். வாட்ஸ்அப் தகவலை நம்பாதீர்கள். கிடைத்ததற்கான சான்று வரும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். மாதம் 12,000 என்றால் "பாக்கி 24,000" என மொத்தமாக எழுதாமல், எந்தெந்த மாதம், தண்ணீர்க் கட்டணம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டுங்கள். தொகை குழம்பினால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுவதும் கட்டிவிட்டால் வெளியேற்ற உத்தரவு கிடையாது. ஒருமுறை இப்படித் தப்பிய பிறகு, ஏதாவது ஒரு வருடத்தில் மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் நிறுத்தினால் அந்தச் சலுகை இல்லை. கட்டவே இல்லையென்றால் வாடகை நீதிமன்றத்தில் மனு.

ஆத்திரத்தில் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது வேண்டவே வேண்டாம். பிரிவு 20 அதைத் தடுக்கிறது. குடியிருப்பவர் இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் போனால் வாதம் உங்கள் பக்கமிருந்து நழுவிவிடும்.