அம்மாவின் மாத்திரை டப்பா: மூன்று வருஷம் கழித்து

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். எனக்கு ஓசூரில் ஷிப்டு வேலை. வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் வீடு. அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றுக்கும் சேர்த்து நான்கு மாத்திரைகள்: சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பிரஷருக்கு டெல்மிசார்ட்டன், கொழுப்புக்கு ராத்திரியில் அட்டோர்வாஸ்டாட்டின்.

டப்பா வாங்குவதற்கு முன்னால் போனில் அலாரம் வைத்துக் கொடுத்தேன். அலாரம் அடிக்கும்போது அவர் மாட்டின் மடியில் கையை வைத்திருப்பார். "பால் ஊத்திட்டு வந்து போட்டுக்கறேன்" என்று அணைத்துவிட்டு சொசைட்டிக்குப் போனால், திரும்பி வரும்போது நினைவே இருக்காது. இல்லையென்றால் போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை போட்டுக்கொள்வார். இந்த இரண்டாவதுதான் எனக்குப் பயம். அதனால்தான் நாளுக்கும் வேளைக்கும் அறை பிரித்த மாத்திரை டப்பா வாங்கினேன்.

முதலில் வாங்கியது 28 அறை உள்ளது. ஏழு நாள், நாளுக்கு நான்கு வேளை. எங்கள் வீட்டில் நான்கு வேளை ஏது? பத்து மணிக்குக் களி, ராத்திரி ஏழுக்குச் சோறு. பாதி அறைகள் சும்மா கிடந்தன. மூடியில் ஆங்கிலத்தில் நாளுக்கு ஒரே ஒரு எழுத்து. அதிலும் 'எஸ்' இரண்டு, 'டி' இரண்டு. படித்தவனுக்கே குழப்பம். மார்க்கரில் ஞா, தி, செ என்று எழுதினேன். ஈரக்கை பட்டுப் பத்து நாளில் அழிந்தது. மறுபடி எழுதி மேலே செல்லோ டேப் ஒட்டியதும் நின்றது. அம்மா தன் பங்குக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார்: காலைக்குச் சிவப்பு, ராத்திரிக்குப் பச்சை. இத்தனை வருஷத்தில் டப்பாவுக்குச் செய்த திருத்தங்களில் சிறந்தது அதுதான்.

பதினான்கு மாதத்தில் மூடிகளின் கீல் விட்டது. இப்போது இருப்பது 14 அறை, ஒவ்வொரு நாளும் தனித்தனியாகக் கழன்று வரும் ரகம். இந்தக் கழலும் வசதியின் அருமை பிறகுதான் தெரிந்தது. சந்தை நாள் ராத்திரி அறை மட்டும் வாராவாரம் நிரம்பியே கிடந்தது. விசாரித்தால், அன்றைக்குச் சந்தை முடிந்து பெரியம்மா வீட்டில் தங்கிவிட்டு விடிந்துதான் வருகிறார். இப்போது அந்த ஒரு துண்டைக் கழற்றிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். வெற்றிலைக்குத் துணை.

டப்பா ஏமாற்றிய கதையும் உண்டு. ஆடிக் கிருத்திகை அன்று அம்மா விரதம். சிவப்புப் பொட்டு அறையைத் திறந்து, இருந்ததை எல்லாம் வழக்கம்போல் விழுங்கியிருக்கிறார். மதியத்துக்குள் வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து உட்கார வைத்தார். சாப்பிடாமல் கிளிமிபிரைடு போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். டப்பாவுக்கு விரதம் தெரியுமா? டாக்டரம்மா அந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு கட்டச் சொன்னார். அன்றிலிருந்து அது பெரிய டப்பாவில் கிடையாது. தனியாக ஒரு சின்ன டப்பா. களி கிண்டித் தட்டில் போட்ட பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். விரத நாளுக்கு என்ன செய்வது என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது எனக்கே வெட்கம். ஒரு தடவை ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. டப்பாவோ ஞாயிறுதோறும் சுத்தமாகக் காலி. "வாய்க்குள்ளதான போட்ட?" என்று கத்தினேன். பதில் இல்லை. அடுத்த வாரம் கொத்தமல்லிப் பாத்திக்குத் தண்ணீர் விடும்போது மண்ணில் வெள்ளை வெள்ளையாக ஊறிக் கிடந்தன மெட்ஃபார்மின்கள்.

"அதப் போட்டா வயிறு கலக்குதுடா சாமி. சொசைட்டி வரிசையில நிக்க முடியல. சொன்னா நீ திட்டுவ."

மறந்தவருக்குத்தான் டப்பா. அம்மா மறக்கவில்லை. மெட்ஃபார்மினுக்கு வயிற்றுப்போக்கு தெரிந்த பக்கவிளைவுதான். சொன்னதும் டாக்டரம்மா மெதுவாகக் கரையும் ரகத்துக்கு மாற்றி, சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார். அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. ஒரு மாதத்தில் வயிறு அடங்கியது. பணக்கார நாடுகளிலேயே நீண்டகால நோய்க்கு மருந்து எடுப்பவர்களில் சராசரியாகப் பாதிப்பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003 அறிக்கையில் சொல்லியிருக்கிறது. அம்மாவைத் திட்டித் தீர்த்த பிறகுதான் அதைப் படித்தேன்.

மருந்து வீட்டுக்கே வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தானே. வீட்டுக்கு வருகிற அக்கா மாத்திரைகளைப் பட்டையோடு (ஸ்ட்ரிப்) கொடுத்துவிட்டுப் போவார். ஒரு மாதம் வர நாளாகும் என்று நினைத்து நான் கடையில் டெல்மிசார்ட்டன் வாங்கி வைத்தேன். கடைப்பட்டையில் கம்பெனி வைத்த பெயர், அரசுப் பட்டையில் மருந்தின் பெயர், நிறமும் வேறு. இரண்டும் வேறு மருந்து என்று எண்ணி அம்மா இரண்டையும் எடுத்து வைத்திருந்தார். நிரப்பும்போது கண்ணில் பட்டதால் தப்பித்தது. அதனால் பட்டையிலுள்ள சின்ன எழுத்தை இப்போது ஞாயிறுதோறும் படிக்கிறேன்.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயம். ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். பட்டையை விட்டு வெளியே வந்த மாத்திரை ஈரம் இழுக்கும். சில மாத்திரைகளைப் பட்டையிலிருந்து பிரிக்கவே கூடாது, மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டையைத் துண்டு துண்டாக வெட்டிப் போடவும் வேண்டாம், கண் மங்கியவர்கள் தகரத்தோடு விழுங்கிவிடுவார்கள். மூடி லேசாகத் திறந்தால் மூட்டுவலிக் கைக்கு நல்லது. ஆனால் பேரப்பிள்ளைக்கும் லேசாகத்தான் திறக்கும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை ஒன்றே சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. எங்கள் வீட்டில் குழந்தைகள் வந்தால் டப்பா பரண்மேல் ஏறிவிடும். மற்ற நாளில் பால் கேன் பக்கத்துத் திண்ணைப் பிறையில்.

இந்த டப்பாவும் ஒரு மூலையில் கீறல் விட்டிருக்கிறது. அடுத்ததும் 14 அறைதான் வாங்குவேன். பெரியம்மாவும் ஒன்று கேட்டிருக்கிறார். அவருக்கு யார் நிரப்புவது என்று கேட்டேன், அம்மா பொட்டு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "நான் இல்லையா?" என்றார்.