முத்துச்சரத்தை வீட்டிலேயே கோத்துக்கொள்ளலாமா? நான்கு ஆண்டுகள் அணிந்த பிறகு

சென்ற வாரம் என் முத்துச்சரம் மறுபடியும் அறுந்தது. வீட்டில் நானே பட்டு நூலில் கோக்கத் தொடங்கிய நான்கு ஆண்டுகளில் இது மூன்றாவது முறை. மூன்று முறையும் ஒரே பக்கத்தில், கொக்கியை ஒட்டிய முனையில். அன்று மாலையே சித்தி மகள் தொலைபேசியில் அழைத்து, தன்னுடைய சரத்தையும் என்னைப் போல வீட்டிலேயே கோத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அறுந்த சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு நிதானமாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. எழுதினால் நியாயமாகச் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது.

சரம் 2011-இல் ஐதராபாத்தில், சார்மினாரை ஒட்டிய பத்தர்கட்டியில் வாங்கியது. நான் தூத்துக்குடியில் பிறந்தவள். ஆனால் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதால், எங்கள் ஊர்க்காரர்களும் முத்து வாங்க வெளியூருக்குத்தான் போகிறோம். 7 மில்லிமீட்டர் நன்னீர் முத்துகள், கொக்கி நீங்கலாக 16 அங்குலம், மொத்தம் 58. கடையில் நைலான் நூலில் முடிச்சில்லாமல், நாங்கள் பார்த்திருக்கும்போதே கோத்துக் கொடுத்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து ஒரு திருமண மண்டபத்தில் அந்த நூல் அறுந்தபோது அத்தனை முத்துகளும் தரையில் ஓடின. சமுக்காளத்தைப் புரட்டி, நாற்காலிகளை நகர்த்தித் தேடியதில் 55 கிடைத்தன. முத்துக்கு முத்து முடிச்சிட்டுத்தான் இனிக் கோப்பது என்று அன்றே தீர்மானித்தேன்.

ஊசி இணைந்தே வரும் அட்டைப் பட்டு நூலில் 0.60 மில்லிமீட்டர் தடிமன் என் முத்துகளுக்குப் பொருந்தியது. பட்டு அணிய அணிய நீளும் என்பதால், கோப்பதற்கு முதல் நாள் இரவு நூலின் ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையில் ஒரு பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டு இழுபட வைப்பேன். இதைச் செய்யாவிட்டால் இரண்டு மாதத்தில் முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவே நூல் பல்லிளிக்கும்.

முடிச்சு போடுவது எழுதிக் காட்டுவதற்குக் கடினமான வேலை. ஆனால் கை ஒருமுறை பழகிவிட்டால் மறக்காது. முத்தைத் தள்ளிய பிறகு நூலில் ஒரு தளர்ந்த கண்ணி இட்டு, அந்தக் கண்ணிக்குள் ஒரு குண்டூசியை நுழைக்க வேண்டும். நூலை இடக்கையால் இழுத்துப் பிடித்தபடி, ஊசியால் அந்தக் கண்ணியை முத்தின் வாய் வரைக்கும் நடத்திச் செல்ல வேண்டும். ஊசிமுனை முத்தைத் தொட்டதும், ஊசியை உருவிக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் முடிச்சை முத்தோடு நெருக்க வேண்டும். நெருக்கம் சரியாக அமைந்த முடிச்சு, வாயை அடைத்த எள்ளைப் போல இருக்கும். ஊசியை ஒரு நொடி முந்தி உருவிவிட்டால் முடிச்சு பாதி வழியில் இறுகிவிடும். இறுகிய பட்டு முடிச்சைப் பிரித்தால் நூலின் திரி கலைந்துவிடும் என்பதால், வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே நல்லது. முதல் முறை இரண்டு அட்டை நூலை இப்படி வீணாக்கினேன். இப்போது ஒரு பிற்பகலில் முழுச் சரமும் முடிந்துவிடுகிறது.

பலனைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். முடிச்சுகள் இடம் எடுத்துக்கொள்வதால், மூன்று முத்துகள் குறைந்தும் சரம் பழைய அளவைவிட ஏறத்தாழ முக்கால் அங்குலம் நீண்டது. நான் எதிர்பாராத மகிழ்ச்சி அதுவல்ல, சரம் விழும் விதம். நைலானில் இருந்தபோது கழுத்தைச் சுற்றி வளையம் போல விறைத்து நின்ற அதே முத்துகள், பட்டில் கோத்ததும் துவண்டு, கழுத்தெலும்பின் பள்ளத்தில் தாமாகவே படிந்தன. கையில் அள்ளினால் தண்ணீர் போல வழிகின்றன. முத்தோடு முத்து உரசுவதும் நின்றது. முத்து கண்ணாடியைவிட மென்மையானது என்பதால் இது சிறிய விஷயமல்ல. நான்கு ஆண்டுகளில் கழுத்தின் முன்பக்கத்திலோ தோளிலோ ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை. ஒருமுறை பேருந்தில் அறுந்தபோது கழன்றது ஒரே ஒரு முத்து. அது என் உள்ளங்கையிலேயே விழுந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே 56 முடிச்சுகளையும் மறுபடி போடலாம் என்று அன்று நினைத்தேன்.

ஆனால் அந்தக் கொக்கிமுனை! சரம் முழுவதும் பத்திரமாக இருக்க, ஓர் அங்குல நீளத்துக்குள் எல்லா உழைப்பும் பாழாகிறது. முனையில் நூலைக் கொக்கியின் வளையத்தில் நுழைத்துத் திருப்பி, கடைசி மூன்று முத்துகளுக்குள் இரண்டாம் முறையாகச் செலுத்த வேண்டும். நன்னீர் முத்தின் துளை குறுகியது. இரட்டை நூல் உள்ளே போகாது. ஆகவே அந்த மூன்று முத்துகளின் துளையை மட்டும் வைரத்தூள் பூசிய துளை அரத்தால், தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு, கையால் மெல்லத் திருகிப் பெரிதாக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் வாயோரம் சில்லு பெயரும். ஒரு முத்தை அப்படி இழந்திருக்கிறேன்.

முதல் முறை கடைசி முடிச்சில் உடனடிப் பசை ஒரு சொட்டு வைத்தேன். அது பட்டைக் குச்சி போல விறைக்கச் செய்து, பசை முடிந்த இடத்தில் பதினொன்றாம் மாதம் ஒடித்தது. தவறு என்னுடையது. இரண்டாம் முறை பசை இல்லை. ஆனால் கொக்கியின் உலோகம் நேரடியாக நூலை அரித்தது. மூன்றாம் முறை சென்னை சௌகார்பேட்டைக்கே போய், ஆரி வேலையின் ஜர்தோசியைப் போன்ற, அதைவிட மெல்லிய சுருள் கம்பிக் குழலை வாங்கி வந்து, நூல் வளையத்தைத் தொடும் இடமெல்லாம் அதைப் போர்த்தினேன். வளையத்தின் இணைப்பில் கூர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து உப்புத்தாள் தேய்த்தேன். இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில்தான் அது போன வாரம் அறுந்தது. அறுந்த முனையைப் பார்த்தால் கம்பிக் குழல் அப்படியே இருக்கிறது. அதை ஒட்டிய முத்தின் வாயில்தான் நூல் கறுத்து இற்றுப்போயிருக்கிறது. பின்கழுத்து வியர்வையும் பின்னலிலிருந்து இறங்கும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து பட்டைத் தின்றிருக்கின்றன. எங்கள் ஊர் வெயிலில் வியர்க்காமல் இருக்க முடியாது. எண்ணெய் வைக்காத தலையும் எனக்கு வேண்டாம்.

கியர் ஒயர் என்னும் மெல்லிய எஃகுக் கம்பியில் கோத்து, முனையில் கியர் லாக் என்னும் சிறு உலோக மணியைக் குறடால் நசுக்கிவிட்டால் பத்து நிமிட வேலை என்று பலர் சொன்னார்கள். என் அக்காவின் சரத்தை அப்படித்தான் கோத்தேன். அது இன்னும் அறுந்துபோகவில்லை என்பது உண்மை. ஆனால் அது கழுத்தில் படியவே படியாது; எஃகுக் கம்பி நாளடைவில் முத்தின் வாயையே அராவக்கூடும். முத்துக்கு அது தகுந்ததல்ல.

ஆகவே, தங்கையே, உனக்கு என் பதில்: வேண்டாம், நகைக்கடைத் தெருவில் சரம் கோத்துத் தருபவரிடமே கொடு. பட்டில், முத்துக்கு முத்து முடிச்சிட்டுத் தரச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து வாங்கி வா. மேலே நான் புகழ்ந்தது எதையும் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் இன்று என் மனம் சொல்வது இதுதான். இவ்வளவையும் படித்த பிறகும் நீயே கோப்பதென்றால், மாதம் ஒருமுறை கொக்கிப் பக்கத்து மூன்று முத்துகளையும் வெளிச்சத்தில் பிடித்து மெல்ல விலக்கிப் பார். நடுவே தெரியும் நூல் வெள்ளையாக இருந்தால் அணியலாம். பழுப்பேறியிருந்தால், அறுவதற்குக் காத்திராமல் அன்றே அவிழ்த்துவிடு.